மாசி மாதத்தில் நான் குற்றாலத்துக்குத் தண்ணீர் விட்டேன்

குழுவாக ஒரு வேலை என்றால் எனக்கு முதலில் தலைவி பதவி வேண்டும். என்ன வேலை என்பதைப் பிறகு கேட்டுக்கொள்வேன். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். கண்ணாமூச்சி ஆட்டத்துக்குக்கூட நான் தலைவியாக இருந்திருக்கிறேன் (கண்ணாமூச்சிக்கு எதற்குத் தலைவி என்று கேட்டவர்களை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை).

தென்காசியில் பதினொன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, பள்ளிகளுக்கு இடையே ஒரு போட்டி அறிவித்தார்கள். நாலு பேர் கொண்ட குழு, தங்கள் வட்டாரத்தைப் பற்றிச் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஒரு வெப்சைட் செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் டீச்சர் அறிவிப்பை வாசித்து முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். "டீச்சர், நான் லீடர்." குழு இன்னும் உருவாகவில்லை. வெப்சைட் செய்யத் தெரியுமா என்றால், அதுவும் தெரியாது. அண்ணனுக்கு அரசு கொடுத்த லேப்டாப் வீட்டில் இருந்தது. அந்த ஒரு தகுதியில் நான் தலைவியானேன்.

மற்ற மூவரைப் பற்றிச் சொன்னால்தான் நான் எவ்வளவு பெரிய ஆள் என்பது விளங்கும்.

முப்பிடாதி அச்சன்புதூர்க்காரி. அப்பாவுக்கு விவசாயம். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. அதனால் புரோகிராமை எல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டு வருவாள். மதிய இடைவேளையில் லேபில் உட்கார்ந்து அதைப் பார்த்துத் தட்டச்சு செய்வாள். பெரும்பாலும் முதல் தடவையிலேயே ஓடிவிடும். ஒரு நாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக, "ஏட்டி கோமதி, பதினேழாவது வரியில ஒரு அடைப்புக்குறி விட்டுட்டேன். பாதி வழி தாண்டும்போதுதான் ஞாபகம் வந்துச்சு" என்றாள். லேபில் போய்ப் பார்த்தோம். பதினேழாவது வரியில் ஒரு அடைப்புக்குறி இல்லை.

பாத்திமாவுக்குப் படம். குற்றாலத்து மெயினருவியை ஐந்து முறை வரைந்து ஐந்தையும் கிழித்துப் போட்டாள். பாறையின் மடிப்பு சரியாக வரவில்லையாம். "யாருட்டி பாறை மடிப்பைப் பாக்கப் போறா?" என்று கேட்டேன். "நான் பாப்பேன்லா" என்று சொல்லிவிட்டு ஆறாவதைத் தொடங்கினாள்.

ஸ்ரீஜா புளியறையிலிருந்து வந்தாள். செக்போஸ்ட் பக்கத்தில் அவள் அப்பாவுக்கு டீக்கடை. பாடங்களைக் குரலில் பதிவு செய்வது அவள் பொறுப்பு. எழுதிய ஒவ்வொரு பாடத்தையும் முதலில் கடைக்கு வரும் லாரி டிரைவர்களுக்கு வாசித்துக் காட்டுவாள். அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால் பாடம் பாஸ். கொட்டாவி விட்டால் திருப்பி எழுத வேண்டும். நான் எழுதிய முன்னுரை 'இயற்கை அன்னையின் எழில் கொஞ்சும் மடியில்' என்று தொடங்கும். அதை வாசித்துக் காட்டிவிட்டு வந்து சொன்னாள்: "அய்யோ கோமதீ, ஒரு அண்ணாச்சி டீயை வெச்சிட்டு அப்படியே உறங்கிப்போனாரு. பின்னால வண்டி ஹாரன் அடிச்சுத்தான் எழுப்பினாங்க."

இப்படி மூன்று பேர் உயிரைக் கொடுத்து உழைத்துக்கொண்டிருக்க, தலைவியாகிய என் பங்கு என்ன? மூன்று. ஒன்று, அந்த முன்னுரை. இரண்டு, 'எங்கள் குழுத் தலைவி' என்ற தனிப்பக்கம், என் புகைப்படத்துடன் (அருவிப் படத்தைவிட அது கொஞ்சம் பெரிதாக இருந்தது). மூன்றாவதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

'இன்றைய அருவி நிலவரம்.'

யோசனை என்னுடையது. பக்கத்தின் உச்சியில் ஒரு வட்டம். தண்ணீர் நன்றாக விழுந்தால் பச்சை, சுமாராக விழுந்தால் மஞ்சள், இல்லாவிட்டால் சிவப்பு.

முப்பிடாதி ஒத்துக்கொள்ளவில்லை. "இது பாடம் சொல்லுத சைட்டு. இதுல எதுக்கு இது? தினமும் யாரு மாத்துவா?"

"எங்கப்பா அங்கனதான டியூட்டி பாக்குதாரு. காலையில போன்ல கேட்டு நான் மாத்துதேன்" என்றேன். அப்பா போலீஸில் ஏட்டு. அருவிக்கரையில் இருக்கும் போலீஸ் பூத்தில்தான் அப்போது அவருக்கு வேலை.

"மறந்துட்டா?"

"நான் மறப்பேனா?"

அவள் நோட்டை எடுத்தாள். மூன்று நாளில் செய்து கொடுத்துவிட்டாள். வெறும் வட்டம் இல்லை. பச்சையைத் தேர்ந்தெடுத்தால் அது மெல்ல விரிந்து சுருங்கி மூச்சு விடும். பக்கத்திலேயே 'தண்ணீர் நன்றாக விழுகிறது. குளிக்கலாம்!' என்று எழுத்து ஓடும்.

அப்போது மாசி மாதம். குற்றாலத்தில் பாறைதான் இருந்தது. ஆகவே நியாயப்படி வட்டம் சிவப்பாக இருக்க வேண்டும். அப்படித்தான் இருந்தது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை.

அன்று வீட்டில் லேப்டாப்பில் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பாத்திமாவின் ஆறாவது அருவி கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. அதற்கு மேலே சிவப்பு வட்டம், 'தண்ணீர் இல்லை' என்ற எழுத்து. பூட்டிய கடை மாதிரி இருந்தது. சும்மா ஒரு தடவை பச்சையைப் போட்டுப் பார்த்தேன். ஆகா! பக்கத்துக்கே உயிர் வந்தது. அந்த அழகை உலகம் பார்க்க வேண்டாமா? குடும்ப வாட்ஸப் குழுவுக்கு இணைப்பை அனுப்பினேன். கூடவே, 'குற்றாலம் போகும் முன் பாருங்கள்! அருவி நிலவரம் உடனுக்குடன்! நம்பகமான தகவல்!' என்று எழுதி, கீழே என் பெயரையும் போட்டேன். எல்லோரும் பார்த்த பிறகு சிவப்புக்கு மாற்றிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். (நினைத்தேன் என்பதற்கு என்னைத் தவிர சாட்சி இல்லை.)

ராஜபாளையத்தில் இருக்கும் சித்திக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் தன் தெருக் குழுவுக்கு அனுப்பினாள். அங்கிருந்து அது எங்கெங்கோ போயிற்று. சனிக்கிழமை முழுவதும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிப் பூரித்துக்கொண்டிருந்தேன். வட்டம் பச்சையாக மூச்சு விட்டுக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நால்வரும் எங்கள் வீட்டில் கூடினோம். புதன்கிழமை கடைசி நாள். ஒன்பதரை மணிக்கு அப்பாவிடமிருந்து போன்.

"ஏட்டி, என்ன செய்யுதே?"

"வெப்சைட் வேலைப்பா. எல்லாரும் வந்திருக்காங்க."

"அந்த வெப்சைட்டுக்குப் பேரு என்ன?"

எனக்கு நெஞ்சு நிறைந்தது. அதுவரை அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. 'அருவிப் பள்ளி' என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அப்பா அந்தப் பக்கம் யாரிடமோ, "இதானாம்மா?" என்று கேட்பது காதில் விழுந்தது. "அதேதான் சார்!" என்று ஏழெட்டுப் பெண் குரல்கள் ஒன்றாக வந்தன.

"இங்கன ராஜபாளையத்துல இருந்து ஒரு வேன் வந்திருக்கு" என்றார் அப்பா. அவர் குரல் உயரவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "இருபத்தாறு பொம்பளையாளுங்க. தலையில எண்ணெயைத் தேச்சுக்கிட்டு, தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டு, பாறையைப் பாத்துக்கிட்டு நிக்குதாவ. ஒரு வெப்சைட்டு மேல புகார் குடுக்கணுங்காவ. புகாரை நான் எழுதவா, இல்ல நீயே வந்து எழுதிக்கிடுதியா?"

போனை வைத்தேன். எனக்கு உடனடியாக வயிற்றுவலி வந்தது. காய்ச்சலும் வரும்போல இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் முப்பிடாதி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் லேப்டாப்பை இழுத்து, பச்சையைச் சிவப்பாக மாற்றினாள். அது சரியாக மாறியிருக்கிறதா என்று பாத்திமாவின் செல்போனில் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். பிறகு எழுந்து, "வா, போவோம்" என்றாள்.

"எங்கட்டி?"

"அங்கனதான்."

"நான்தான தப்புப் பண்ணேன். நீங்க எதுக்கு?"

"சைட்டு நாலு பேருக்கும் உள்ளதுதானே?" என்றாள் ஸ்ரீஜா, செருப்பை மாட்டிக்கொண்டே. பாத்திமா நோட்டையும் பேனாவையும் பையில் போட்டாள்.

நாங்கள் ஏறிய டவுன் பஸ் வழியில் பழுதாகி நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த எல்லா சாமியையும் வேண்டினேன். அதன் வாழ்நாளில் அன்றுதான் அது சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

சீசன் இல்லாத குற்றாலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாதிக் கடைகள் தார்ப்பாய்க்குள் இருந்தன. எண்ணெய் மசாஜ் செய்கிறவர் ஒருவர் தன் பெஞ்சிலேயே படுத்திருந்தார். குரங்குகள்கூட, பிடுங்குவதற்கு ஆள் இல்லாமல் சோர்ந்து உட்கார்ந்திருந்தன. மெயினருவிப் பாறையில் ஓரமாக ஒரு நூல் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு டம்ளர் நிரம்ப பத்து நிமிடம் ஆகும்.

அதன் முன்னால் இருபத்தாறு பெண்கள். வெயிலில் எண்ணெய் வழிந்து எல்லோர் முகமும் பளபளத்தது.

அவர்கள் ஒரு தையல் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். கூட்டி வந்தவர் சூப்பர்வைசர் சண்முகத்தாய் அக்கா. நாற்பது வயது இருக்கும். இடுப்பில் கையை வைத்து நின்றார். அப்பா பூத் வாசலில் நின்றுகொண்டு, எங்களைத் தெரியாதவர் போல மலையைப் பார்த்தார்.

பஸ்ஸிலேயே ஒரு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன்: "சர்வரில் ஏற்பட்ட எதிர்பாராத கோளாறு காரணமாக..."

"சர்வரா?" என்றார் சண்முகத்தாய் அக்கா. "ஓட்டல்ல இட்லி வைப்பாரே, அவரா? அவருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

முப்பிடாதி ஒரு அடி முன்னால் வந்தாள். "சர்வர்ல ஒண்ணும் இல்லக்கா. தண்ணி இல்லாதப்போ இருக்குன்னு போட்டுட்டோம். எங்க தப்புதான்."

'எங்க' என்று சொன்னாள். 'இவ' என்று என்னைக் கைகாட்டியிருக்கலாம், அதுதான் உண்மையும்கூட. அவளுடைய புரோகிராம் ஒரு தப்பும் செய்யவில்லை. நான் சொன்னதை அப்படியே ஊருக்குச் சொன்னது, அவ்வளவுதான். அந்த ஒரு 'எங்க' என்னை அடித்த அடி போல அதற்குப் பிறகு எந்த மேலதிகாரியின் ஏச்சும் அடித்ததில்லை.

"நான்தான் போட்டேன்கா" என்றேன்.

"ஏன் போட்ட?"

"சிவப்பு பாக்க நல்லா இல்ல. பச்சை நல்லா இருந்துச்சு."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்னொருத்தி, "நம்ம முதலாளிக்குக் கூடப் பொறந்தவளா இருப்பா. அவரும் இப்படித்தான் துணியோட தரத்தைப் பாக்காம கலரைப் பாத்து வாங்குவாரு" என்றாள். சண்முகத்தாய் அக்கா சிரிக்கவில்லை.

"பாப்பா, எங்களுக்கு வருஷத்துல ஒரு நாள் டூர். திருச்செந்தூரா, குத்தாலமான்னு பெரிய சண்டை. உன் பச்சையைக் காட்டித்தான் நான் குத்தாலம்னு முடிவு பண்ணேன். வருஷம் பூரா மிஷின் முன்னாடி குனிஞ்சே இருக்கோம். முதுகுல தண்ணி தொம்முன்னு விழணும்னு ஆசை. வேற ஒண்ணும் இல்ல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

முப்பிடாதி பாத்திமாவின் செல்போனை வாங்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனாள். "அப்பா, இன்னைக்கு மோட்டார் எப்ப போடுவீய? ... த்ரீ பேஸ் கரண்ட்டு மூணு மணிக்குத்தான் வருமா? ... இல்லப்பா, வயலுக்கு இல்ல. இருபத்தாறு பேரு குளிக்கணும். ... ஆமா, இருபத்தாறு. ... வந்து சொல்லுதேன்." திரும்பி வந்து, "அக்கா, எங்க ஊரு நீங்க திரும்பிப் போற பாதைப் பக்கம்தான். எங்க கிணத்துல பம்ப்செட்டு இருக்கு. தண்ணி குழாய்ல இருந்து தொம்முன்னுதான் விழும். மூணு மணிக்குக் கரண்ட்டு வந்துரும். வாறியளா?" என்று கேட்டாள்.

சண்முகத்தாய் அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இப்போ மணி பத்தரைதான ஆகுது. மூணு வரைக்கும் இந்த எண்ணெய்த் தலையோட என்ன பண்ண?"

ஸ்ரீஜா பாறையைப் பார்த்தாள். "நாங்க செஞ்ச சைட்டைக் காட்டட்டாக்கா?"

"ஏட்டி, இங்க நெட்டு கிடைக்காதே" என்று நான் கிசுகிசுத்தேன்.

"நெட்டு எதுக்கு? அருவிதான் இருக்கே."

அன்று நடந்ததைப் போல ஒரு வகுப்பை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. பாத்திமா தொடங்கினாள். ஐந்து படத்தைக் கிழித்துப் போட்டவள் அல்லவா? அந்தப் பாறையின் ஒவ்வொரு மடிப்பும் அவளுக்குத் தெரிந்திருந்தது. "சீசன்ல வந்தா இதெல்லாம் தண்ணிக்குள்ள போயிரும். இப்ப வந்ததாலதான் பாக்க முடியுது" என்று பாறையில் செதுக்கியிருந்த லிங்கங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். எத்தனையோ முறை குற்றாலம் வந்தவர்கள்கூட அவற்றைப் பார்த்ததில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சண்முகத்தாய் அக்காவின் கை இடுப்பிலிருந்து இறங்கியது.

அடுத்து முப்பிடாதி. மேலிருந்து விழும் தண்ணீர் நடுவழியில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து வெளியே வருகிறது என்று சொன்னாள். யாருக்கும் புரியவில்லை. "ஒரு குடம் தண்ணி வேணும்" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பூத்தில் இருந்த குடத்தை எடுத்து, பின்னால் இருந்த குழாயில் பிடித்துக்கொண்டு வந்தேன். முப்பிடாதி படியில் நின்று குடத்தை உயரத் தூக்கி, கீழே நீட்டியிருந்த ஒரு அக்காவின் உள்ளங்கையில் நேராக ஊற்றினாள். "ஆத்தாடி, வலிக்குது!" அடுத்து வேனிலிருந்து ஒரு சட்டியை வாங்கி, நடுவில் ஒருத்தியைப் பிடிக்கச் சொல்லி, அதில் விழுந்து வழியும்படி ஊற்றினாள். "இப்ப வலிக்கல!" "அந்தச் சட்டிதான் பொங்குமாங்கடல். அது இல்லன்னா சீசன்ல நம்ம யாரும் அருவிக்கு அடியில நிக்க முடியாது" என்றாள்.

உடனே எல்லோருக்கும் அதைச் செய்து பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அன்றைக்கு அவர்கள் மேல் பட்ட முதல் தண்ணீர் அது. விடுவார்களா? "இன்னொரு குடம் கொண்டா!" என்றார்கள். நான் ஓடினேன். மொத்தம் பதினோரு நடை. குற்றாலத்தில் மாசி மாதம் தண்ணீர் விழும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், கடைசியில் இடுப்பில் குடத்தைச் சுமந்து நானே விட்டேன்.

"சாரல் இங்க மட்டும் எப்படி வருது?" என்று ஒரு அக்கா கேட்டாள். ஸ்ரீஜா மேற்கே கையைக் காட்டினாள். "அங்கன மலையில ஒரு இடைவெளி இருக்கு. எங்க ஊர் அதுலதான் இருக்கு. கேரளத்து மழைக்காத்து அந்த வழியாத்தான் உள்ள வருது. செக்போஸ்ட்டுல லாரியைத்தான் நிப்பாட்டுவாங்க, காத்தை நிப்பாட்ட மாட்டாங்க."

அதுவரை கூட்டத்தின் ஓரத்தில் பேசாமல் இருந்த ஒரு இளம்பெண் ஒன்று கேட்டாள்: "முன்ன ஒரு தடவை வந்தப்போ நல்லாக் குளிச்சிட்டிருக்கும்போது விசில் அடிச்சு எல்லாரையும் விரட்டுனாங்க. ஏன்னு யாருமே சொல்லல. வெள்ளம் வருதுன்னு எப்படித் தெரியும்?"

நாங்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் சைட்டில் அருவியின் அழகைப் பற்றி மூன்று பத்திகள் இருந்தன. இது இல்லை.

அப்பா மலையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "தண்ணியோட நெறம் மாறும்மா. கலங்கலா வரும். இலை, குச்சி எல்லாம் சேந்து வரும். விழுத சத்தமே வேற மாதிரி ஆயிரும். இங்கன வெயிலடிக்கும், ஆனா மேல மலையில பெஞ்சிருக்கும். அப்ப நின்னு விளக்கம் சொல்ல நேரம் இருக்காது. அதான் விசில் அடிக்கோம். விரட்டணும்னு எங்களுக்கு என்ன ஆசையா?" வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசும் என் அப்பா அன்று கால் மணி நேரம் பேசினார். ஸ்ரீஜா அதைச் செல்போனில் பதிவு செய்துகொண்டிருந்தாள். பாத்திமா தரையில் உட்கார்ந்து, யார் என்ன கேட்டார்கள் என்று பெயரோடு எழுதிக்கொண்டிருந்தாள்.

மதியம் அவர்கள் கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றில் எங்களுக்கும் பங்கு வந்தது. "தண்ணி சுமந்த பிள்ளைக்கு ஒரு உருண்டை சேத்து வைங்க" என்று சண்முகத்தாய் அக்கா சொன்னார். வெட்கத்தோடு சாப்பிட்டேன் (இரண்டு உருண்டை).

மூன்று மணிக்கு அச்சன்புதூர் வயலில் மோட்டார் ஓடத் தொடங்கியது. குழாயின் வாயிலிருந்து தண்ணீர் ஒரு முறை இருமி, இரண்டு முறை இருமி, பிறகு தூண் போல வந்து தொட்டியில் விழுந்தது. முப்பிடாதியின் அம்மா சீயக்காய்ப் பொட்டலங்களோடு தயாராக நின்றார். அவள் அப்பா வரப்பைத் தாண்டி எங்கோ போய்விட்டார். வரிசை போட்டு மூன்று மூன்று பேராகக் குனிந்து முதுகைக் கொடுத்தார்கள். கூச்சலும் சிரிப்பும் பக்கத்து வயல் வரை கேட்டன. சண்முகத்தாய் அக்கா எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாக இறங்கினார். குழாய்க்கு அடியில் கண்ணை மூடிக்கொண்டு, முதுகில் தண்ணீர் விழ விழ, நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு ஏனோ அழுகை வந்தது. எழுந்து வந்து தலையைத் துவட்டிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா தலைவி, இப்போ பச்சை போட்டுக்கோ."

அதற்கும் புதன்கிழமைக்கும் இடையில் இரண்டு நாட்கள்தான். முன்பு செய்ததில் பாதியை எடுத்துவிட்டு, அந்தப் பெண்கள் கேட்ட கேள்விகளை வைத்துச் சைட்டை மறுபடி செய்தோம். பொங்குமாங்கடலுக்குக் குடமும் சட்டியும் பாத்திமா வரைந்த படங்களாயின. வெள்ளத்தைப் பற்றிய பாடம் அப்பாவின் குரலிலேயே போயிற்று. ஸ்ரீஜா அதை டீக்கடையில் போட்டுக் காட்டியபோது, ஒரு டிரைவர் திருப்பிப் போடச் சொல்லி மூன்று தடவை கேட்டாராம். அருவி நிலவர வட்டத்தை முப்பிடாதி எடுத்துவிட்டாள். எனக்குக் கொடுத்த வேலை எழுத்துப்பிழை பார்ப்பது. வாழ்க்கையில் முதல்முறையாக, கொடுத்த வேலையை மட்டும் செய்தேன். ஒன்று மட்டும் நானாகச் செய்தேன். 'எங்கள் குழுத் தலைவி' பக்கத்தைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் 'கேள்வி கேட்டவர்கள்' என்று தலைப்புப் போட்டு, இருபத்தாறு பெயர்களையும் அடித்தேன். பிழை இல்லாமல் அடித்தேன்.

போட்டியில் இரண்டாம் பரிசு கிடைத்தது. நடுவர்களில் ஒருவர், "இந்தக் கேள்வி எல்லாம் புத்தகத்துல இருந்து எடுத்த மாதிரி இல்லையே, எங்க பிடிச்சீங்க?" என்று கேட்டார். முப்பிடாதி நடந்ததை எல்லாம் சொன்னாள். பச்சை வட்டத்தையும் சொன்னாள். ஆனால் அப்போதும், "நாங்க தப்பாப் போட்டுட்டோம்" என்றுதான் சொன்னாள்.

முப்பிடாதி இப்போது செங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியை. அவளிடம் படிக்கிற பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். பாத்திமா பாடப் புத்தகங்களுக்குப் படம் வரைகிறாள். ஸ்ரீஜா கொல்லத்தில் வானொலியில் பேசுகிறாள். நான் சென்னையில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிக்கிற வேலையில் இருக்கிறேன். மற்றவர்கள் சரி என்று சொல்வதை நம்பாமல், உண்மையிலேயே சரிதானா என்று பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள் (நேர்முகத் தேர்வில் இந்தக் கதையை நான் சொல்லவில்லை).

எங்கள் வீட்டில் 'பச்சை போடுவது' என்றால் புளுகுவது என்று பொருள். பரீட்சை நன்றாக எழுதினேன் என்று நான் சொன்னால், "நெசமாவா, பச்சையா?" என்பான் அண்ணன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், நான் நன்றாகச் சமைப்பேன் என்று அம்மா சொன்னபோது, அப்பா வாயைத் திறக்காமல் என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தார். மாப்பிள்ளைக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் அர்த்தம் புரிந்தது.

அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் ஒவ்வொரு ஆனி மாதமும் சண்முகத்தாய் அக்கா டூருக்கு முன்னால் அவருக்குத்தான் போன் செய்வார். அப்பா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு குற்றாலம் போய், தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொல்வார். போன ஆனியில் நான் ஊருக்குப் போயிருந்தபோது அந்தப் போன் வந்தது. அப்பா குளித்துக்கொண்டிருந்தார். காலையில்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஆகவே நானே எடுத்தேன்.

"அக்கா, தண்ணி நல்லா விழுதாம். தைரியமா வாங்க."

"யாரு பேசுறது?"

"நான்தான்கா, கோமதி. அவரோட மக."

"சரிம்மா" என்றார் அக்கா. "சார் குளிச்சிட்டு வரட்டும். நான் லைன்லயே இருக்கேன்."